ஒன்பதாவது டப்பா

பெயர் சங்கமித்ரா. வயது 43. கணவர் பெயர் எழிலன். வீடு மாத்தூரில், தொழில் நடத்தும் ஸ்டூடியோ திருவொற்றியூரில். படிப்பு பி.எஸ்சி. இயற்பியல். பதினெட்டு ஆண்டுகளாகக் கல்யாணப் புகைப்படம் எடுத்து வருகிறேன். 30.08.2001 வியாழக்கிழமை மாலை 5.20 மணிக்கு, யாரும் அழைக்காமல், நானாகவே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து சொல்வது:

இன்று காலை மூக்குத்தி திருடியதாகச் சந்தேகப்பட்டு இங்கே உட்கார வைக்கப்பட்டிருக்கும் செங்கொடி, வயது 36, வியாசர்பாடி, என்னிடம் ஒன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறார். அதற்கு முன் மணலியில் சித்தாளாக இருந்தவர். நானும் வியாசர்பாடியில் பிறந்தவள்தான். அவர் திருடவில்லை. அதை நான் நம்பிக்கையின் பேரில் சொல்லவில்லை. மூக்குத்தி எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். அதைக் கொண்டுவந்திருக்கிறேன்.

நாங்கள் சாமான்களை எப்படிச் சுமக்கிறோம் என்பதை முதலில் சொல்ல வேண்டும். அது தெரியாமல் மற்றது புரியாது. ஒரு கேமரா என் கழுத்தில் குட்டை வாரில் தொங்கும். இன்னொன்று தோளுக்குக் குறுக்காக இடது இடுப்பில் இருக்கும். இடுப்பில் ஒரு கித்தான் பட்டை கட்டியிருப்பேன். யானைக்கவுனியில் லாரிப் படுதா தைப்பவரிடம் சொல்லித் தைத்தது. அதில் இடப்பக்கப் பையில் புது ரோல்கள், வலப்பக்கப் பையில் எடுத்து முடித்த ரோல்கள். ரோல் ஒவ்வொன்றும் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் டப்பாவில் இருக்கும். மூடி போட்ட டப்பா என்றால் உள்ளே முடித்த ரோல் இருக்கிறது, அது வலது பைக்குப் போகும். மூடி இல்லாதது காலி, அது கிடந்த இடத்தில் கிடக்கும். கூட்டத்தில் குனிந்து பார்க்க நேரமிருக்காது என்பதால் இந்த வேலையைக் கையே செய்யும், கண் செய்யாது.

லென்ஸ், பேட்டரி, விளக்கு எல்லாம் வைத்த அலுமினியப் பெட்டி பதினான்கு கிலோ. மற்ற ஸ்டூடியோக்காரர்கள் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்க் கல்யாணத்துக்கு வந்தவர்கள் முழங்கையில் இடிப்பார்கள். செங்கொடி நீலத் துணியைச் சுருட்டிச் சும்மாடு வைத்து, பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொள்வார். இரண்டு கையும் விளக்குப் பிடிக்கக் கிடைக்கும். எவ்வளவு நெருக்கடியிலும் யார் மேலும் இடித்ததில்லை. நான் ஒவ்வொரு ரோல் மாற்றும்போதும் அவர் ஒரு சின்ன நோட்டில் ஒரு கோடு போடுவார்.

இன்று காசிமேட்டில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். பெண் பெயர் மோகனப்ரியா. பெண்ணின் மாமா கருணாகரன், விசைப்படகு வைத்திருப்பவர். பெண்ணின் அத்தை கோவிந்தம்மா. தாலி ஏறியதும் அத்தை தன் கையால் பெண்ணுக்கு எட்டுக்கல் மூக்குத்தி போடுவது அவர்கள் வீட்டு வழக்கம். காலை ஏழரை மணியளவில் பெண்ணை அலங்கரிக்கும் அறையில் நானும் செங்கொடியும் படம் எடுத்துக்கொண்டிருந்தோம். நான் ரோல் மாற்றிய காலி டப்பாக்கள் கண்ணாடி மேசையில் கிடந்தன. அவற்றில் ஒன்றை எடுத்து, மூக்குத்தியை மஞ்சள் துணியில் சுற்றி உள்ளே போட்டு மூடி, அதே மேசையில் வைத்திருக்கிறார் கோவிந்தம்மா. எங்கள் டப்பாக்களைக் குங்குமத்துக்கும் ஊக்குக்கும் எடுத்துக்கொள்ளாத கல்யாண வீடு கிடையாது. அவர் வைத்ததை நான் பார்க்கவில்லை.

அதன் பிறகு எட்டேகால் மணிக்கு வெளியே பேண்டு சத்தம் கேட்டது. மாப்பிள்ளை வந்துவிட்டார் என்றார்கள். வாசலில் ஆரத்தி எடுக்கும் படம் தவறினால் திரும்ப எடுக்க முடியாது. நான் ஓடினேன். பெட்டியை மூடித் தலையில் ஏற்றிக்கொண்டு செங்கொடி ஒன்றிரண்டு நிமிடம் கழித்து வந்தார். பெண்ணும் மற்றவர்களும் எட்டிப் பார்க்கப் போய்விட்டதால், அந்த ஒன்றிரண்டு நிமிடம் அந்த அறையில் அவர் மட்டும் இருந்தார். இதுதான் அவர் மேல் விழுந்த சந்தேகம்.

அதன் பிறகு 9.40க்குத் தாலி கட்டினார்கள். கோவிந்தம்மா மூக்குத்தியைத் தேடிப் போய், மேசையில் டப்பாவில் போட்டு வைத்ததைக் காணவில்லை என்று கத்தினார். மேளம் நின்றது. பெண் மணையில் உட்கார்ந்தபடியே அழுதாள். மண்டபத்தில் இருந்த வெளியாட்களில் அறைக்குள் போனவர்கள் நாங்கள் இருவர்தான். பெண்கள் செங்கொடியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

கோவிந்தம்மா, "தலமேல பொட்டிய வச்சிகினு கை ரெண்டயும் சும்மா வுட்டுகினு சுத்துனாளே, அப்பவே நெனச்சேன்" என்றார்.

செங்கொடி, "கை சும்மா கீதுன்னா திருடுதுன்னு அர்த்தமா? உன் கையுந்தான் சும்மா கீது" என்றார்.

அதன் பிறகு பெட்டியைக் கொட்டினார்கள். பேட்டரிகளைப் பிரித்தார்கள். பெட்டியில் இருந்த டப்பாக்களைத் திறந்து பார்த்தார்கள். சும்மாட்டுத் துணியை உதறி, அதன் ஓரத் தையலையும் பிரித்தார்கள். இரண்டு பெண்கள் அவரை உள்ளறைக்குக் கூட்டிப்போய் அவர் உடையைச் சோதித்தார்கள். என்னை யாரும் தொடவில்லை. என் மூக்குக் கண்ணாடியும் நான் பேசும் தமிழும் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

கருணாகரன் மட்டும் என் இடுப்பைக் காட்டி, "யம்மா, உன் பையில கீற டப்பாவையும் கொஞ்சம் தொறந்து காட்டேன், மன்சு ஆறும்" என்று மரியாதையாகவே கேட்டார்.

நான், "தொறந்தா வெளிச்சம் பட்டு அத்தினி படமும் பூடும். திரும்ப இன்னொருக்கா தாலி கட்டுவீங்களா?" என்று என் வியாசர்பாடிப் பேச்சில் கேட்டேன். அவர் உடனே கையெடுத்து, "வேணாம் வேணாம்" என்றார்.

நான் சொன்னது பொய். டப்பாவைத் திறப்பதால் படத்துக்கு ஒன்றும் ஆகாது. ரோல் ஓர் உலோகக் கூட்டுக்குள் வெளிச்சம் புகாமல் சுருண்டிருக்கும். கல்யாண வீடுகளில் பிள்ளைகள் டப்பாவைப் பிடுங்கி விளையாடாமல் இருக்க நாங்கள் எல்லாரும் சொல்லும் பொய் அது. திருடியதை மறைக்க நான் அதைச் சொல்லவில்லை. என் பையில் நான் வைக்காத எதுவும் இருக்காது என்று எனக்கு அவ்வளவு உறுதி. என்னையும் சோதிப்பதா என்று ரோஷம் வந்ததும் உண்மை. பெட்டியையும் துணியையும் மனுஷியையும் பிரித்துப் பார்த்தபோது வராத ரோஷம், என் பட்டையைக் காட்டியதும் வந்தது.

நான் சொன்னது பொய் என்று அந்த மண்டபத்தில் தெரிந்த ஒரே ஆள் செங்கொடி. என் இடது பை காலியானால் பெட்டியிலிருந்து புது ரோலைத் தினமும் டப்பா திறந்து எடுத்துத் தருபவர் அவர். அப்போது அவர் என்னைப் பார்த்தார்.

அதன் பிறகு காவலர்கள் வந்து பதினொன்றரை மணிக்கு அவரைக் கூட்டிப்போனார்கள். போகும்போது என்னிடம், "நாலு மணிக்கு பேட்டரிய சார்ஜ்ல போட்டுடுக்கா, நாளைக்கு காலைல கல்யாணம் கீது" என்று மட்டும் சொன்னார். நான் விருந்துப் படங்களை எடுத்து முடித்தேன். பெட்டியை நானே தோளில் மாட்டிக்கொண்டேன். பந்தியில் மூன்று பேரை இடித்தேன்.

அதன் பிறகு ஸ்டூடியோவுக்கு வந்து, நான்கு மணிக்கு பேட்டரிகளைச் சார்ஜில் போட்டேன். பிறகு டப்பாக்களுக்கு எண் எழுத வலது பையைக் கவிழ்த்தேன். ஒன்பது இருந்தன. நோட்டில் செங்கொடி போட்ட கோடு ஆறு, அவர் போன பிறகு நான் போட்டது இரண்டு, ஆக எட்டு. முதலில் எனக்குத் தோன்றியது, அவர் ஒரு கோடு போட மறந்துவிட்டார் என்பது. இதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். ஒன்பது ஆண்டுகளில் அவர் ஒரு கோடு கூட விட்டதில்லை.

அதன் பிறகு பட்டையை மறுபடி இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கேமராவையும் மாட்டிக்கொண்டு, காலையில் செய்ததை முதலிலிருந்து செய்து பார்த்தேன். மேசையில் மூடிய டப்பா இரண்டும் காலி டப்பா மூன்றும் வைத்தேன். வாசலைப் பார்த்துக்கொண்டே ஓடத் திரும்பினேன். என் வலது கை என்னைக் கேட்காமல் மேசையை வழித்து, மூடிய இரண்டையும் எடுத்துப் பையில் போட்டது. ஸ்டூடியோவில் தனியாக நின்று அந்தக் கையைப் பார்த்தேன்.

அதன் பிறகு ஒன்பதையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஏழாவதாகத் திறந்ததில் மஞ்சள் துணி இருந்தது. அதை அப்படியே மூடி, கையில் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் இங்கே வந்தேன். டப்பாவையும் மூக்குத்தியையும் உதவி ஆய்வாளர் முன் மேசையில் வைத்தேன். கோவிந்தம்மாவை வரவழைத்தார்கள். தான் வைத்த மூக்குத்தி இதுதான், துணியும் தன் முந்தானையில் கிழித்ததுதான் என்று அவர் சொன்னார்.

உதவி ஆய்வாளர், "மேசையில இருந்தது தவறுதலா உங்க சாமானோட கலந்துபோச்சுன்னு நாலு வரியில முடிச்சிக்கலாம் மேடம். வெளிச்சம், பொய்யின்னு அதெல்லாம் எதுக்கு? உங்களுக்குத்தான் அசிங்கம்" என்று நல்லெண்ணத்தில் சொன்னார். வேண்டாம், முழுசாக எழுதுங்கள் என்றேன். நான் அந்த ஆறு வார்த்தைப் பொய்யைச் சொல்லாமல் இருந்திருந்தால் பத்தரை மணிக்கே மூக்குத்தி கிடைத்திருக்கும். செங்கொடி ஆறு மணி நேரம் இந்தத் தரையில் உட்கார்ந்திருக்க மாட்டார். அவர் மேல் எழுதிய காகிதத்தில் சந்தேகத்துக்குரியவர் என்று இருப்பதற்குக் காரணம் நான் என்று இந்தக் காகிதம் சொல்ல வேண்டும். இதன் மேல் எந்த நடவடிக்கை வந்தாலும் ஏற்கிறேன்.

அதன் பிறகு, இதைச் செங்கொடி காதில் விழும்படி படிக்க வேண்டும் என்று கேட்டேன். அவரை உள்ளே அழைத்து, நாற்காலியில் உட்கார வைத்துப் படித்தார்கள். படித்தபோது நடந்ததையும் என் வேண்டுகோளின்படி கீழே சேர்த்திருக்கிறார்கள்.

கோவிந்தம்மா செங்கொடியின் கையைப் பிடித்து, "மன்சுல வச்சிக்காதம்மா, வூட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்டுட்டு போ" என்றார். செங்கொடி, "சாப்பாடு அப்பால பாத்துக்கலாம். என் சும்மாட்டுத் துணிய தெச்சிக் குடு மொதல்ல" என்றார். கோவிந்தம்மா சரி என்றார்.

நான் பொய் சொன்ன இடம் வந்ததும் செங்கொடி, "அது எனக்கு அங்கயே தெரியும்க்கா" என்றார். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீயே சொல்லுவன்னு பாத்துகினு இருந்தேன்" என்றார்.

நாளை திருவொற்றியூர்க் கல்யாணத்துக்கு வருவீர்களா என்று கேட்டேன். அவர், "பொட்டிய நான் தூக்குறேன். பட்டைய நீ கட்டு. டப்பா எண்றது இனிமே நானு" என்றார். நான் ஒப்புக்கொண்டேன்.

இதில் உள்ளதெல்லாம் நான் சொல்லி எழுதியது. எனக்கும் செங்கொடிக்கும் வாய்விட்டுப் படித்துக் காட்டப்பட்டது. இதில் பொய் ஒன்றுதான், அது நான் மண்டபத்தில் சொன்னது. மற்றவை யாவும் உண்மை.

(ஒப்பம்) சங்கமித்ரா

திரும்பப் பெற்றுக்கொண்டது: நீல நிறச் சும்மாட்டுத் துணி ஒன்று, தையல் பிரிந்த நிலையில்.

(ஒப்பம்) செங்கொடி