உள்பக்கம் தொறக்கற கதவு

தீக்குளிக்க வரலீங்க ஏட்டு சார், மண்ணெண்ண எல்லாம் இல்ல. பைக்குள்ள மோந்தே பாத்துட்டீங்களே. மனு இருக்குது, தண்ணி பாட்டுலு இருக்குது, அவ்ளோதான். இதுங்களா? கதவுங்க. கக்கூஸ் கதவு. கலெக்டருகிட்ட காட்டலாம்னு கம்பைநல்லூர்ல இருந்து பஸ்சுல ஏத்தியாந்தேன். கண்டக்டரு இதுக்குத் தனியா லக்கேஜ் டிக்கெட் போட்டுட்டாரு.

சிரிங்க சார், பரவால்ல. பஸ்சுலயும் சிரிச்சாங்க.

பேரு மாதுங்க. மரவள்ளி போட்டிருக்கறேன். புதுசா ஒரு ஆஸ்பத்திரிக் கட்டடம் தொறந்தாங்களே, வாசல்ல வாழமரமெல்லாம் கட்டி. பேரு எதுக்குங்க, மனுவுல இருக்குது. அங்க பொம்பளைங்க வார்டுல இருந்த கதவு இது. எம் பொண்டாட்டி சென்னம்மாவ டெங்குன்னு அங்கதான் சேத்தேன். நல்லா தேறிக்கிட்டுதான் வந்தா. அன்னிக்குக் காலையில கூட, சட்னியில உப்பே இல்ல, பாத்து வாங்கத் தெரியாதான்னு என்னையத் திட்டுனா. அப்பறம் கக்கூசுக்குப் போனவ உள்ளயே மயங்கி உழுந்துட்டா.

எங்க உழுந்தான்னு கேளுங்க. கதவுக்குப் பின்னாடி. ரூமு இத்துனூண்டு சார். அதுல கதவு வேற உள்பக்கமா தொறக்குது. ஆளு உழுந்தா கதவ அடைச்சுக்கிட்டுதான் உழணும், வேற எடமே இல்ல. வெளிய தொறக்கற மாதிரி வெச்சிருந்தா, பக்கத்து பெட்டு அம்மாவே இழுத்துத் தொறந்திருக்கும்.

தாழ்ப்பாள் போடல சார். எல்லாரும் இதத்தான் கேக்கறீங்க. அந்தம்மாவத்தான் வெளிய காவலுக்கு நிக்க வெச்சுட்டுப் போனா. நம்ம பொம்பளைங்க எப்பவும் அப்புடித்தானுங்களே. அப்பறம் எல்லாருமா சேந்து கதவ ஒடைச்சு எடுத்தாங்க. எடுத்து என்ன. சாயங்காலமே போயிட்டா. தலையில அடின்னு எழுதிக் குடுத்தாங்க. உழுந்த அடியா, அப்பறம் பட்ட அடியான்னு அதுல எழுதல.

கேக்காம இருப்பனுங்களா? டாக்டரு, கட்டடம் எங்க பொறுப்பு இல்ல, என்ஜினியரப் பாருன்னாரு. என்ஜினியரு, பிளானு மேல இருந்து வந்தது, அதும்படி கட்டுனாங்களான்னு பாக்கறதுதான் எங்க வேலைன்னாரு. கான்ட்ராக்டரு, வரைஞ்சத நான் கட்டுனேன், போயி வரைஞ்சவனக் கேளுன்னுட்டாரு. வரைஞ்சவன் யாருன்னா ஒருத்தனுக்கும் தெரியல. வாசல்ல கல்லு வெச்சிருக்காங்க சார், பளபளன்னு. தொறந்து வெச்சவரு, தலைமை தாங்குனவரு, முன்னிலை வகிச்சவரு, எல்லாரு பேரும் தங்கக் கலர்ல இருக்குது. கதவ எந்தப் பக்கம் தொறக்கணும்னு சொன்னவன் பேரு மட்டும் இல்ல.

விசாரணையும் வெச்சாங்க. வந்தவங்க கதவத் தொறந்து தொறந்து மூடிப் பாத்துட்டு, கதவு நல்ல நெலையில இருக்குது, யாரு மேலயும் தப்பு இல்லன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. எந்தக் கதவப் பாத்தாங்கன்றீங்க? புதுக் கதவ. இத எடுத்த மறுநாளே புதுசு மாட்டிட்டாங்களே. அதுவும் உள்பக்கந்தான் சார் தொறக்குது! அடுத்து எவ வூட்டுப் பொம்பள உழப்போறாளோ. இது ஜெனரேட்டருக்குப் பின்னாடி குப்பையில கெடந்தது. எடுத்துக்கட்டுமான்னேன். விறகுக்கான்னு கேட்டாரு வாட்ச்மேனு. ஆமான்னுட்டேன்.

நஷ்டஈடு கேட்டு வரலீங்க. சத்தியமா இல்ல. ஒரு பேரு வேணும், அவ்ளோதான். இந்தக் கதவ இப்புடி வெக்கச் சொன்னது நாந்தான்னு ஒருத்தராச்சும் சொல்லணும்.

சொன்னா என்ன ஆவுமா?

பக்கத்து பெட்டு அம்மா சத்தம் போட்டதும், ஆம்பள ஆளு யாராச்சும் வாங்கன்னு வராண்டாவுல ஒக்காந்திருந்த என்னையத்தான் கூப்ட்டாங்க. எங்க வூட்டுக் கதவு மழைக்கு உப்பிக்கும் சார். ஓங்கி ஒரு இடி இடிச்சா தொறந்துக்கும். அந்த நெனப்புலதான் இதையும் இடிச்சேன். லேசா அசைஞ்சது. அசையுது அசையுதுன்னு இன்னும் ஓங்கி இடிச்சேன். தோளு வீங்குற மட்டும் இடிச்சேன். உள்ள அவ தல, கதவுக்கும் செவுத்துக்கும் நடுவுல இருந்திருக்குது. நடுவுல முழிப்பு வந்து, தள்ளாதீங்க, தள்ளாதீங்கன்னு சொல்லியிருக்கா. அந்தம்மாவுக்குக் கேட்டிருக்குது. எனக்குக் கேக்கல. நாந்தான் அவ பேரச் சொல்லிக் கத்திக்கிட்டு இருந்தனே.

யாரு மேலயும் தப்பு இல்லன்னு எழுதிட்டாங்க. அப்ப அவளக் கொன்னது நான் மட்டுந்தானுங்களா சார்?