ஒன்றரை அடி உயர்ந்த சாலை

ஆற்றுக்கு அக்கரையில் முள்ளும் புதருமாய்க் கிடந்த மண்ணை முப்பத்து நான்கு ஆண்டுகளில் ஊராக்கிய பொறியாளர் ஐயா அவர்களே! வரைபடத்தில் கோடு கிழிக்கும் முன் வெயிலில் நடந்து பார்த்த வித்தகரே! கோப்பு தாமதமானால் கொதிப்பவரே, கொதித்த சூடு ஆறுமுன் தேநீர் வாங்கித் தருபவரே! தங்கள் பணி நிறைவு நாளில் சாலைப் பிரிவுப் பணியாளர்கள் எழுந்து நின்று வணங்குகிறோம்.

பாலம் வந்த ஆண்டில் அக்கரையில் இருந்தவை ஒரு செங்கல் சூளையும் பன்னிரண்டு வீடுகளும். தாங்கள் முதலில் இடம் கேட்டது கடைத்தெருவுக்கு அல்ல, பள்ளிக்கூடத்துக்கு. “பிள்ளைங்க நடக்குற பாதைதான் நாளைக்கு ரோடு” என்றீர்கள். இன்று அங்கே மூன்று பள்ளிகள், ஒன்பது குடியிருப்புகள், மழையிலும் செருப்பைக் கையில் பிடிக்காமல் நடக்கக்கூடிய தெருக்கள் அநேகம். ‘எல்லாத் தெருக்களும்’ என்று எழுதினால் தாங்களே சிவப்பு மையால் அடித்துவிடுவீர்கள்.

இதோடு வாழ்த்திவிட்டு அமர்ந்திருக்கலாம். மேலாளரும், “நல்ல நாளும் அதுவுமா கரைச்சாலைக் கதை எதுக்குங்க?” என்றுதான் சொன்னார். ஆனால் இம்மண்டபத்தில் இருக்கும் தங்கள் தங்கை பதினோரு ஆண்டுகளாகத் தங்களோடு பேசவில்லை. அதற்குக் காரணம் நாங்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது போதும்.

அக்கரையில் ஆற்றோரமாகத் தாங்கள் போட்ட கரைச்சாலை முடிந்து ஏழு மாதம், விடாத மழையின் மூன்றாம் நாள். மிஞ்சிய தண்ணீர் சாலை மேலாக வழிந்து ஆற்றில் விழ வேண்டும் என்பது தங்கள் கணக்கு. வழியவில்லை. சாலையில் முட்டித் திரும்பிப் பள்ளிக்குள் பெஞ்சு உயரம் ஏறிற்று. உள்ளே இருநூற்றுப் பதினான்கு பிள்ளைகள் மேசைகள் மேல் நின்றார்கள். தொலைபேசியில் மேலதிகாரி, “உத்தரவு வர்ற வரைக்கும் ரோட்டுல கை வைக்காதீங்க” என்றார். “தண்ணி உத்தரவு வாங்கிட்டா வருது?” என்று கேட்டு வைத்துவிட்டீர்கள்.

சாலையை வெட்டினால் வெள்ளம் பாயும் இடம் சாலைக்கும் ஆற்றுக்கும் இடையிலிருந்த வரிசை வீடுகள். அதில் ஒன்று தங்கையின் வீடு. அரை மணியில் எல்லாரையும் வெளியேற்றினீர்கள். அவர் மட்டும் வாசலைவிட்டு நகரவில்லை.

“அண்ணே, உன் கையாலயா என் வீட்டுக்குத் தண்ணி விடுவ?”

“வீட்டைத் திரும்பக் கட்டிக்கலாம்மா. வண்டியில ஏறு.”

அவர் ஏறியதும் இயந்திர ஓட்டுநரிடம், “வெட்டுப்பா. யாராவது கேட்டா என்னைக் கை காட்டு” என்றீர்கள். பிள்ளைகள் அத்தனை பேரும் ஈரக் காலோடு வீடு சேர்ந்தார்கள். ஏழு வீடுகள் கரைந்தன.

சாலை தங்கள் கணக்கைவிட ஒன்றரை அடி உயர்ந்தது எப்படி என்று விசாரணையில் கேட்டார்கள். சாலைக்கு அளவெடுத்த எங்களில் நால்வருக்கும் பதில் தெரியும். அக்கரை முழுவதற்கும் உயர மட்டம் எடுப்பது பள்ளியின் கல் படியிலிருந்த குறியிலிருந்து. பள்ளியில் புதுப் படி கட்டியபோது, பெயிண்டர் அக்குறியைப் பழைய இடத்துக்கு ஒன்றரை அடி மேலே, மேல் படியில் அழகாக வரைந்துவிட்டார். படி மாறியதைப் பார்த்தும், குறிதான் இருக்கிறதே என்று அதிலிருந்தே அளந்தோம். சரிபார்த்ததாகப் பொய்யும் எழுதினோம்.

தாங்கள் எங்கள் முகங்களை ஒருமுறை பார்த்தீர்கள். “கையெழுத்து என்னோடது. தப்பும் என்னோடதுதான்” என்றீர்கள். தங்கள் பதவி உயர்வு நின்றது. அண்ணன் தப்பாகச் சாலை போட்டுத் தன் வீட்டைக் கரைத்தான் என்று தங்கை மனம் வெறுத்தார். நாங்கள் வாயைத் திறக்கவில்லை, உயர்வும் பெற்றோம். வெட்கப்படுகிறோம்.

மேடையில் அமர்ந்திருக்கும் தலைமைப் பொறியாளரிடம் இம்மடலின் நகலைக் கொடுத்துவிட்டோம். வருவது வரட்டும்.

நலம் குன்றாத உடலும் நிம்மதியான உறக்கமும் நெடிய ஆயுளும் தங்களுக்கு வாய்க்கட்டும். தங்களிடம் மன்னிப்புக் கேட்கமாட்டோம், கேட்டால் கொடுத்துவிடுவீர்கள். இரண்டாம் வரிசையில் இருக்கும் தங்கள் தங்கையிடம் கேட்கிறோம்.

இப்படிக்கு,
தவறாக மட்டம் எடுத்த நால்வர்,
அவர்களுக்குக் கீழே, சாலைப் பிரிவுப் பணியாளர்கள் அனைவரும்.