கராம்பு மணக்கும் பெட்டி

உங்கள் மகனுக்குப் பெட்டியாக வாங்கிக் கொடுக்காதீர்கள், சேர். வாக்குமூலத்தை எழுதத் தொடங்கும் முன் சும்மா பேச்சுக்குத்தான் கேட்டீர்கள் என்று தெரியும். ஆனாலும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடுவது எனக்குப் பழக்கமில்லை.

பெட்டி என்பது கண்ணாடித் தாள் சுற்றிய ஒரு கனமான சதுரம். உள்ளே சின்னச் சின்னப் பெக்கட்டுகள். ஒவ்வொரு பெக்கட்டிலும் சில விளையாட்டு அட்டைகள். போர்வீரன், கோபுரம், ஓநாய், புயல், இப்படி. எதில் எது இருக்கிறது என்று வாங்குபவருக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது. வருவது பெரும்பாலும் எல்லாரிடமும் ஏற்கெனவே இருக்கும் அட்டைகள்தான். எங்கோ ஒரு பெட்டியில் மட்டும் வெள்ளி நாரை இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் அதன் சிறகு அசைவது போல் மினுங்கும். அதற்காகத்தான் எல்லாரும் பெட்டி வாங்குகிறார்கள். உங்கள் மகனுக்கு ஓர் அட்டை பிடித்திருந்தால் அதை மட்டும் யாரிடமாவது தனியாக வாங்கிக் கொடுங்கள். பெட்டியில் நிச்சயமாகக் கிடைப்பது அதைக் கிழிக்கிற சந்தோஷம் ஒன்றுதான்.

இதை நான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். பஸீர் நானாவிடம் கேட்டுப் பாருங்கள். மாத்தளை டவுனில் ஃபோன் திருத்தும் கடை வைத்திருக்கிறாரே, அவர்தான். அவருடைய மாடியில் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் நாங்கள் விளையாடக் கூடுவோம். ஜன்னலோரக் கதிரை எனக்கு. நான் பிந்தி வந்தாலும் அதில் யாரும் உட்கார மாட்டார்கள். புதுப் பெட்டி வருகிறது என்றால் எல்லா முகமும் என் பக்கம் திரும்பும்.

“தயா, எடுக்கலாமா?”

“எடுக்காதீங்க. தனிக் கார்டா வாங்குங்க.”

“வாத்தியார் தொடங்கிட்டார்,” என்பார் பஸீர் நானா. “எனக்கு ஒரு பொக்ஸ் போடுங்க வாத்தியார்.”

கொழும்பில் எனக்கு ஒருவரைத் தெரியும் என்பதால் பெட்டிகள் என் மூலமாகத்தான் வரும். நான் யாரையும் வாங்கச் சொல்லவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பெட்டிகள் வந்து இறங்குவது பல்லேபொலவில், சிவலிங்கம் மாமாவின் ஸ்டோரில். மாமா டவுன் கடையைப் பார்த்துக்கொள்கிறார். ஸ்டோர் என் பொறுப்பு. சுற்று வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்து மிளகும் கராம்பும் சாதிக்காயும் பச்சையாக வரும். வெயில் இருந்தால் முற்றத்தில் காயும். மழை பிடித்துவிட்டால் பின்னால் இருக்கும் சூட்டறைக்குள் போகும். அதை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். ஜன்னல் இல்லாத அறை. சுவரோரமாக உயரத் தட்டுகள், நடுவில் கரித்தணல் போட்ட இரும்புத் தாச்சிகள். ஈரம் புகாதபடி கதவு விளிம்பைச் சுற்றிச் சாக்கு அடித்திருக்கிறோம். தாழ்ப்பாள் வெளியில்.

அந்த அறைக்கு மாமாவின் காலத்துக்கும் முன்பிருந்தே சில விதிகள் உண்டு. தாழ்ப்பாள் போடுகிறவர் போடும் முன் கதவுப் பலகையோடு வாயை வைத்து “ஆள் இருக்கா?” என்று சத்தமாகக் கேட்க வேண்டும். தாழ்ப்பாள் போட்ட பின் தணல் அவியும்வரை திறக்கக் கூடாது. திறந்தால் ஈரம் ஏறி முழுச் சரக்கும் பூஞ்சணம் பிடிக்கும். நன்றாகப் பற்றிய கரி புகைக்காது, மணக்காது, ஆனால் மூடிய அறையில் அதன் காற்று ஆளைக் கொல்லும். உள்ளே அகப்பட்டவருக்குத் தூக்கம் வருவது போலத்தான் இருக்குமாம். அதனால்தான் அந்தக் கேள்வி.

நீங்கள் எழுதியதில் எனக்குள்ள ஒரே மறுப்பும் இந்த இடத்தில்தான். அங்கே வேலை செய்யும் அழகாயி அக்கா, முற்றத்தில் நின்றும் என் குரல் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கிறார். அதை வைத்து நான் கேட்காமலே தாழ்ப்பாள் போட்டேன், அது கவனயீனம் என்று எழுதியிருக்கிறீர்கள். அழகாயி அக்கா பொய் சொல்கிறவர் இல்லை. அன்று தகரத்தில் மழை அப்படி விழுந்தது. ஆனால் நான் கவனயீனமானவன் இல்லை, சேர். அது விளங்க வேண்டுமென்றால் நாரைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

இந்த ஊர் ஈரம் அட்டைகளுக்கு ஆகாது. சாதாரண அட்டைகள் தாங்கும். மினுங்கும் அட்டைகள் வாடிய வெற்றிலை போல் வளைந்துவிடும். பஸீர் நானா தனக்குக் கிடைத்த நாரையைத் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். அடுத்த முறை பார்த்தபோது அது வளைந்து, ஒரு மூலை வெளுத்திருந்தது. அவர் சிரித்துக்கொண்டே அதைக் காட்டினார். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நூலகத்திலிருந்து நான் எடுத்து வாசிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் பனி விழும் ஊர்கள் வரும். அந்தக் குளிர்ந்த காற்றில் ஒரு தாள் எத்தனை காலமும் நேராகவே கிடக்கும் என்று நினைத்துக்கொள்வேன். நாரை அப்படிப்பட்ட ஓர் ஊரிலிருந்து வழி தவறி வந்தது போல் எனக்குத் தோன்றும். அதை வியர்த்த கைகளில் கொடுப்பது சரியில்லை.

அதனால் அடுத்த பெட்டிகள் வந்தபோது, தணல் இல்லாத வேளைகளில், சூட்டறைக்குள் வைத்து அவற்றைத் திறந்தேன். எங்கள் பக்கத்தில் அதைவிட உலர்ந்த இடம் கிடையாது. நாரை இருந்தால் எடுத்தேன். அந்த இடத்தில் ஓர் ஓநாயையோ கோபுரத்தையோ வைத்தேன். பெக்கட்டுகளை ஒட்டி, பெட்டியை மூடி, புதிதாகக் கண்ணாடித் தாள் சுற்றிச் சூடு காட்டி இறுக்கினேன். ஒரு சுருக்கம் இருக்காது. நாரைகள் மேல் தட்டில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருந்தன. ஒன்றைக்கூட விற்கவில்லை. யாருக்கும் காட்டவும் இல்லை. மனம் சரியில்லாதபோது மூடியைத் திறந்து பார்ப்பேன், அவ்வளவுதான்.

இதைத் திருட்டு என்று சொல்ல முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. தன்னிடம் இருந்தது என்றே தெரியாத ஒன்றை ஒருவர் எப்படி இழப்பார்?

சுபாஷினி என்று ஒரு பெண், டவுனில் மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். எங்களில் நன்றாக விளையாடுவது அவள்தான். பெட்டி மேல் பெட்டியாக வாங்கினாள். முத்துமாரியம்மனுக்கு நேர்த்திகூட வைத்தாள். கடைசிப் பெட்டியிலும் நாரை இல்லை என்று தெரிந்ததும் உறைகளை மடியில் அடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“எனக்கு எதுலயும் ராசி இல்ல தயாண்ணே. கல்யாணப் பேச்சு வந்தாலும் இப்பிடித்தான். கிட்ட வந்துட்டுப் போயிடும்.”

கண் கலங்கியிருந்தது. நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். “இனிமே வாங்காதீங்க தங்கச்சி,” என்றேன். அதைவிட நேர்மையாக ஒருவர் என்ன சொல்ல முடியும்?

அக்ரம் பள்ளிக்கூட நாளிலிருந்தே என் சிநேகிதன். இந்த விளையாட்டை எனக்குக் காட்டியவனே அவன்தான். பிறகு கட்டாருக்குப் போய்ச் சில வருடம் வேலை செய்துவிட்டுப் போன மாதம் திரும்பி வந்தான். வந்ததும் முதல் வேலையாக ஒரு பெட்டி கேட்டான்.

“வேணாம் மச்சான். வீண்,” என்றேன்.

“தெரியும்டா. ஆனா நம்ம ஆக்கள் முன்னுக்கு உக்காந்து உடைக்கணும். அதுக்குத்தான் அங்கருந்து வந்தேன்.”

கொடுத்தேன். மாடியில் எல்லாரும் சுற்றி நிற்க அவன் தாளைக் கிழித்தான். கிழித்தவன் அப்படியே நின்றான். பெட்டியை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனான்.

“என்ன மச்சான் இது, வட்டலப்பம் வாசம் வருது?”

எல்லாரும் சிரித்தார்கள்.

“இது கொழும்பால வந்த பொக்ஸா, எங்கட உம்மாட குசினியால வந்த பொக்ஸா?”

பஸீர் நானா வாங்கி மோந்து பார்த்தார். “ஒண்ணும் இல்லயே. கட்டார் வெயில்ல ஒனக்கு மூக்கு அவிஞ்சி போயிட்டு,” என்றார். பெட்டி கைமாறிக் கைமாறிப் போனது. யாருக்கும் எதுவும் மணக்கவில்லை.

என் பிழை அங்கேதான் இருந்தது. வட்டலப்பத்துக்குப் போடும் அந்தக் கராம்பு எனக்கும் மணக்கவில்லை. இங்கேயே பிறந்து இங்கேயே கிடப்பவர்களுக்குக் கராம்பு ஒரு வாசமாகத் தெரிவதில்லை. எங்கள் துணியிலும் தலையணையிலும் பஸ் சீட்டிலும் அதுதான் இருக்கிறது. பெக்கட்டுகளை வைத்து மூடியபோது சூட்டறைக் காற்றையும் உள்ளே வைத்து மூடுகிறேன் என்று எனக்கு உறைக்கவே இல்லை. வெளியூர்க் காற்றில் இருந்துவிட்டு வந்த ஒரு மூக்குக்குத்தான் அது எட்டியது. எல்லாரும் சிரித்து முடித்த பிறகு அக்ரம் என்னைப் பார்த்தான். அவனுக்கு என் ஸ்டோர் தெரியும். வீட்டுக்குப் போய் என் சட்டைக் கையை எத்தனையோ தடவை மோந்து பார்த்தேன். ஒன்றுமே தெரியவில்லை.

அடுத்த நாள் அவன் மருந்துக்கடைக்குப் போய்ச் சுபாஷினியிடம் பழைய உறைகளைக் கேட்டு வாங்கியிருக்கிறான். அவள் ஒன்றையும் எறியாமல் வைத்திருந்தாள். அவற்றிலும் அவனுக்குக் கராம்பு மணந்திருக்கும்.

அதற்கு மறுநாள் மத்தியானம், கொட்டுகிற மழையில், த்ரீவீலரில் பல்லேபொலவுக்கு வந்தான். தட்டுகளில் கராம்பு பரப்பியாகிவிட்டது. அழகாயி அக்கா தாச்சிகளில் தணலை அள்ளிப் போட்டுவிட்டு, நனைகிற சாக்குகளை இழுக்க முற்றத்துக்குப் போயிருந்தார். தாழ்ப்பாள் போடுவதுதான் பாக்கி. அக்ரம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

“வித்திட்டியா?” என்றான்.

“இல்ல.”

“ஒண்ணுகூட?”

“ஒண்ணுகூட இல்ல. எல்லாம் உள்ள இருக்கு.”

கொஞ்சம் யோசித்தான். அவன் முகம் இளகியது. “அப்ப லேசுடா. ஞாயித்துக்கெழம எல்லாத்தயும் கொண்டு வா. நானும் பக்கத்துல நிக்கிறேன். நீயே குடு, நீயே சொல்லு. ஏசுவாங்கதான். பொறவு சரியாயிரும்.”

“சரியாகாது.”

“அந்தப் புள்ள தனக்கு ராசி இல்லன்னு நம்பிட்டு இருக்கு மச்சான். அது வெளங்குதா ஒனக்கு? நீ சொல்லாட்டி நான் சொல்லுவேன்.”

எனக்கு விளங்கியது. ஜன்னலோரக் கதிரையில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பது தெரிந்தது. புதுப் பெட்டி வருகிறது, முகங்கள் திரும்புகின்றன, என் பக்கம் இல்லை. அந்த மாடியில் இல்லாத நேரங்களில் நான் மிளகு நிறுக்கும் ஓர் ஆள், சேர். நாரைகளும் தெரிந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வீட்டில், தேத்தண்ணிக் கோப்பைகளுக்குப் பக்கத்தில், மெதுவாக வளைந்துகொண்டிருந்தன.

“நீயே போய் எடு,” என்றேன். “மேல் தட்டு. கடைசி மூலைல, சாதிக்காச் சாக்குகளுக்குப் பின்னால பாரு. பிஸ்கட் டின்.”

வாசலில் நின்று தணலைப் பார்த்தான். “சூடா இருக்குமே.”

“உள்ள கனநேரம் நிக்காத,” என்றேன்.

இதையும் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டி விஷயத்தைப் போலவே இதிலும் நான் சரியானதைத்தான் சொன்னேன். மூடிய பெட்டிக்குள் கராம்பைக் கண்டுபிடித்தவன் அவன். மணமில்லாத ஒன்றை அந்த மூக்கு எப்படிக் கண்டுபிடிக்கும் என்பது வேறு விஷயம்.

டின் அங்கே இருக்கவில்லை. முன்னறை மேசை லாச்சியில் இருந்தது. அன்று காலையிலேயே மாற்றி வைத்திருந்தேன். அவன் வருவான் என்று நினைத்தேன். தட்டில் ஏறி, சாக்கு சாக்காக விலக்கித் தேடுகிற சத்தம் கேட்டது. எதையும் பாதியில் விடுகிறவன் இல்லை அக்ரம்.

மற்றது உங்களுக்குத் தெரியும். மாலையில், தணல் அவிந்திருக்கும் என்று அழகாயி அக்கா கதவைத் திறந்தார். பிறகு நீங்கள் வந்தீர்கள். விஷயம் தெரியாத ஒருவன் உள்ளே போய்விட்டான், அதைக் கவனிக்காமல் இன்னொருவன் பூட்டிவிட்டான் என்று ஊர் முடிவு செய்துவிட்டது. அடக்கத்துக்கு முன் மையத்து வீட்டில் அக்ரமின் வாப்பா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “நீங்க தெரிஞ்சி செய்யல்ல மகன். அழாதீங்க,” என்றார். பஸீர் நானா என் தோளைத் தடவிக்கொடுத்தார். சுபாஷினி எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். எல்லாரும் அன்பாகத்தான் இருந்தார்கள். ஆனால் கைதவறிப் பாத்திரத்தை உடைத்த ஒருவனைப் பார்ப்பது போல் பார்த்தார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் எதையும் தெரியாமல் செய்கிறவன் இல்லை.

நான் குரல் கொடுத்ததற்குச் சாட்சி இல்லை என்கிறீர்கள். சாட்சி இருந்தது, சேர். கதவைச் சாத்தினேன். பலகையோடு வாயை வைத்து, மழைக்கு மேலே கேட்கும்படி, “ஆள் இருக்கா?” என்று கேட்டேன்.

“இருக்கேன் மச்சான், கொஞ்சம் பொறு,” என்றான்.

பொறுத்தேன். அதற்குப் பிறகுதான் தாழ்ப்பாளைப் போட்டேன். கவனயீனம் என்ற அந்தச் சொல்லை மட்டும் வெட்டிவிடுங்கள்.