மூணு பின் ஒயர்

— புடுங்குண்ணா! சிவப்பு ஒண்ணு, வெள்ளை ஒண்ணு. அந்த ரெட்டைவால் ஒயர மொதல்ல புடுங்கு!

— கத்தாத பாப்பா. அலமாரிக்குப் பின்னாடி மண்டைய விட்டுட்டு நிக்கிறேன். ஒரு வருஷத்து ஒட்டடை பூரா என் மூக்குல. இந்த ஒயர் அப்படி என்ன பாவம் பண்ணுச்சு?

— என் வேலைக்கே உலை வச்சிடுச்சு. ஸ்டூடியோ ஓனர் நான் மிக்ஸ் பண்ணிக் குடுத்த பாட்டத் திருப்பி அனுப்பிட்டாருல்ல, என்ன சொன்னாரு தெரியுமா? "போர்வைய போத்திட்டுப் பாடுற மாதிரி இருக்கு"ன்னாரு.

— போர்வைக்கும் ஒயருக்கும் என்னம்மா சம்பந்தம்?

— கேளேன். நம்ம ஸ்பீக்கர் செட்டுல எத போட்டாலும் கூடவே 'கீ...'ன்னு மெல்லிசா ஒரு இரைச்சல். அத அமுக்குறேன்னு கூர்மையான சத்தத்தையெல்லாம் வெட்டி வெட்டி எடுத்தேன். பாட்டோட உயிரும் சேந்து போயிடுச்சு. இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணி அனுப்பலன்னா என் வேலை ஸ்டூடியோல புதுசா வந்திருக்கற அந்த தாடிக்காரனுக்குத்தான்.

— எனக்கு ஒரு 'கீ'யும் கேக்கல.

— உனக்கு காலிங் பெல்லே கேக்காது, நீ பேசாத.

— அது கேக்காத மாதிரி நடிக்கிறது. எந்திரிச்சுப் போய் கதவத் திறக்கணும்ல? சரி, இந்தப் புது ஒயர் மட்டும் என்ன கிழிச்சிடும்?

— மூணு பின்னுண்ணா, ஒண்ணு எர்த்து. பாட்டு மத்த ரெண்டு கம்பில போகும். ஒண்ணுல நேரா, இன்னொண்ணுல தலைகீழா. வழியில வர்ற இரைச்சல் ரெண்டுலயும் ஒரே மாதிரி ஒட்டிக்கும். அந்தப் பக்கம் போனதும் தலைகீழா வந்தத நிமித்திச் சேப்பாங்க. பாட்டு ரெண்டு மடங்காகும், இரைச்சல் ஒண்ண ஒண்ணு அடிச்சுக்கிட்டு காலி.

— நீயும் நானும் சண்ட போட்டா அம்மா ரெண்டு பேரையும் வெளிய தள்ளி கதவச் சாத்துவாங்களே, அந்த மாதிரி.

— அதேதான்!

— ஆனா கடைக்காரர் வேற சொன்னாரேம்மா. மேடையில நீளமா இழுக்கறவங்களுக்குத்தான் இது வேணும், வீட்டுல முழம் நீள ஒயருக்கு ரெட்டைவாலே போதும், வித்தியாசமே தெரியாதுன்னாரு.

— அவரு வீட்டுல சொல்லச் சொல்லு. இங்க நான் வைஃபை டப்பாவ மாடிக்கு மாத்தியாச்சு. சார்ஜரெல்லாம் கழட்டியாச்சு. ஃப்ரிட்ஜக்கூட நிறுத்திப் பாத்தேன்.

— ஓஹோ, பால் திரிஞ்சது உன் புண்ணியமா! அம்மா என்னப் போட்டு வறுத்தெடுத்தாங்க.

— வாங்கிக்கோ, அண்ணன்தான? மிச்சம் இருக்கறது இந்த ஒயர் ஒண்ணுதான். இன்னைக்கு இத ஒரு வழி பண்ணாம நான் இந்த சோபாவ விட்டு எந்திரிக்க மாட்டேன். மாட்டுனியா?

— ஒரு பக்கம் மாட்டிட்டேன்... இன்னொண்ணு... இரு, குழி எங்கன்னே தெரியல... ஆங், 'டக்'குனு உக்காந்துடுச்சு.

— சூப்பர்! பேசாத, மூச்சுக்கூட விடாத. கண்ண மூடிட்டுக் கேக்குறேன்.

— பாப்பா, ஒரு நிமிஷம்...

— உஷ்ஷ்! ...ச்சே. இருக்குண்ணா. அதே 'கீ'. துளிகூட குறையல. எப்படி? மூணு பின்லயும் எப்படி வரும்?

— பாப்பா.

— ஒயரே டூப்ளிகேட்டா இருக்குமோ? மறுபடி கழட்டு. திருப்பி மாட்டிப் பாப்போம். விட மாட்டேன்.

— கண்ணத் திறந்து இங்க பாரு.

— என்ன?

— ஒயர் மாத்தறதுக்காக செட்டோட மெயின் பிளக்கக் கழட்டுனேன்ல? இன்னும் என் கையிலதான் இருக்கு.

— நீ அசையாத. மொதல்ல இடது காதப் பொத்திப் பாக்குறேன்.