உடன் வருபவர்

— மறுபடி சொல்லுங்க. அவங்களாவே எழுதினாங்களா?

— அவங்களாவேதான்! நான் விண்ணப்பம் போடல, ஆள் பிடிக்கல, ஒருத்தர்கிட்டயும் பல்லைக் காட்டல. காலைல மெயிலைத் திறந்தா கடிதம் உக்காந்திருக்கு. மண்ணியல் துறை, மூணு வருஷம், தனி ஆய்வகம். அந்தப் பரீட்சைத் தாளையெல்லாம் கொஞ்சம் ஓரமா வையேம்மா. மனுஷன் எவ்வளவு பெரிய விஷயம் சொல்றேன்!

— நாளைக்குக் காலைல நூத்தி இருபது தாளும் திருத்திக் கொடுத்தாகணும். நீங்க சொல்லுங்க, காது இங்கதான் இருக்கு.

— போன மாசம் இங்க என்ன சொன்னாங்க? நிரந்தரம் பண்ண முடியாது, கோடையோட ஒப்பந்தம் முடியுது, வேற இடம் பாத்துக்குங்க. ஆறு வருஷம் நாயா உழைச்சவனுக்கு அரைப் பக்கத்துல ஒரு கடிதம். இப்ப பாரு!

— துறைத் தலைவர்கிட்ட சொல்லிட்டீங்களா?

— சொல்லாம இருப்பேனா? அவர் அறைல மூணு பேர் இருந்தாங்க. நல்லதாப் போச்சுன்னு உள்ள போனேன். 'நீங்க வேண்டாம்னு தள்ளின ஆளை அவங்க தேடி வந்திருக்காங்க'ன்னு சத்தமாவே சொன்னேன்.

— ஐயோ.

— என்ன ஐயோ?

— ஒண்ணுமில்ல. அவர் என்ன சொன்னார்?

— கடிதத்தை வாங்கி ரெண்டு தடவை படிச்சார். முகத்துல ஈயாடல. அப்புறம் எழுந்து கையைக் குலுக்கி, 'உங்க மனைவிக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்க'ன்னார். என்னை வாழ்த்த மனுஷனுக்கு வாய் வரல பாரேன். அவ்வளவு வயித்தெரிச்சல்.

— ஏங்க, அந்தக் கடிதத்தை முழுசாப் படிச்சீங்களா?

— நாலு தடவை.

— கடைசிப் பத்தியையும்?

— அது ஏதோ, 'தங்கள் குடும்பச் சூழலை முன்னிட்டு'ன்னு. நல்ல மனுஷங்கம்மா, குடும்பத்தையும் நினைச்சுப் பாக்கறாங்க. நீ ஏன் பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே?

— இது நாலாவது நாடு.

— தெரியும். போன தடவை இதுதான் கடைசின்னு சொன்னேன். அதுக்கு முந்தின தடவையும் சொன்னேன். சொல்லிக் காட்டாதே.

— சொல்லிக் காட்டல. கட்டிலுக்கு அடியில ரெண்டு பெட்டி, போன நாட்டுல ஒட்டின டேப்பைக்கூட இன்னும் பிரிக்கல. உங்க பொண்ணு, 'நான் புதுசா வந்தவ'ன்னு மூணு பாஷைல சொல்லுவா.

— அவ பழகிடுவா. உனக்கும் அங்க ஏதாவது கிடைக்கும். இங்க மாதிரியே மணிக்கணக்குல வகுப்பு எடுக்கறது, தாள் திருத்தறது...

— எனக்கும் ஏதாவது.

— தப்பா எடுத்துக்காதே. நீ என்னைவிடக் கெட்டிக்காரி, நானே ஒத்துக்கறேன். என் கட்டுரை ஒவ்வொண்ணுலயும் கணக்குப் பகுதி நீ போட்டதுதான். நன்றின்னு உன் பேரைப் போட்டிருக்கேன்ல?

— கடைசிப் பக்கத்துல, பொடி எழுத்துல.

— இப்ப எதுக்கு அது? நேராச் சொல்லும்மா. வரமாட்டியா?

— சரி, தாளை மூடி வச்சுட்டேன். நீங்களும் உக்காருங்க.

— நின்னுக்கிட்டே கேக்கறேன்.

— அந்தப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போட்டது நான். போன குளிர்காலத்துல. புள்ளியியல் துறைக்கு. நீங்க மாநாட்டுக்குப் போன வாரம், இதே மேசைல உக்காந்து கணினி வழியா நேர்காணல் கொடுத்தேன். எடுத்துக்கிட்டாங்க.

— எதுக்கு எடுத்துக்கிட்டாங்க?

— வேலைக்கு. நிரந்தர வேலை. எனக்கு.

— உனக்கு எப்படி? உன் பேர்ல தனியா என்ன கட்டுரை இருக்கு?

— அஞ்சு இருக்கு. நாலு வருஷமா பொண்ணு பள்ளிக்கூடம் போற நேரத்துல எழுதினது. ஒளிச்செல்லாம் வைக்கல. இங்கதான் கிடந்தது. நீங்க அது மேலதான் காபிக் கோப்பையை வைப்பீங்க.

— அப்ப என் கடிதம்?

— என் வீட்டுக்காரருக்கும் ஒரு இடம் கொடுத்தாத்தான் வருவேன்னு எழுதினேன். உங்க கடிதத்தோட கடைசிப் பத்தி அதைத்தான் சொல்லுது. முதல்ல நானே வீட்டுக்காரர்கிட்ட பேசிக்கறேன், அப்புறம் எழுதுங்கன்னும் சொல்லியிருந்தேன். முந்திக்கிட்டாங்க.

— அவருக்கு... துறைத் தலைவருக்குத் தெரியுமா?

— தெரியும். அவர் துறைலதானே நானும் வகுப்பு எடுக்கறேன். எனக்கு சிபாரிசுக் கடிதம் எழுதினதே அவர்தான்.

— மூணு பேர் முன்னாடிம்மா. மூணு பேர் முன்னாடி மார்தட்டிட்டு வந்திருக்கேன்.

— அதான் ஐயோன்னேன்.

— எனக்காகப் பிச்சை கேட்டியா?

— பிச்சை இல்ல, நிபந்தனை. முதல் தடவை முடியாதுன்னாங்க. அப்ப நானும் வரலன்னு எழுதினேன். ரெண்டு வாரம் பதிலே இல்ல. போச்சு, எல்லாம் போச்சுன்னுதான் நினைச்சேன்.

— ரெண்டு வாரம்! ஒரே வீட்ல இருந்துக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லல நீ.

— அந்த ரெண்டு வாரமும் நீங்க அந்த அரைப் பக்கத்தைக் கைல வச்சுக்கிட்டு சுவரையே பாத்துக்கிட்டு இருந்தீங்க. சோறு இறங்கல உங்களுக்கு. எனக்குக் கிடைச்சிருக்குன்னு எந்த வாயால சொல்றது?

— அதுக்காக? அங்க போனா நான் யாரு? இன்னாரோட புருஷன். பொண்டாட்டி தயவுல வந்தவன்னு முதுகுக்குப் பின்னாடி பேசமாட்டாங்களா?

— பதினோரு வருஷமா ஒவ்வொரு விசா பாரத்துலயும் 'உடன் வருபவர்'னு என் பேரை எழுதினீங்க. நான் வரலையா?

— அது வேற.

— எப்படி வேற?

— வேறன்னா வேறதான்.

— இல்ல, சொல்லுங்க. இன்னிக்கு நான் கேட்டுக்கறேன்.

— எனக்கு அந்த வேலையே வேண்டாம். முடியாதுன்னு நாளைக்கே எழுதிடறேன். நான் போகலன்னா உன் நிபந்தனையும் முறிஞ்சது, விஷயமும் தீர்ந்தது. இங்கயே ஏதாவது பாத்துக்கலாம்.

— எழுதுங்க.

— நிஜமாவா சொல்றே?

— நிஜமாத்தான். உங்களுக்கு இடம் கொடுக்கணும்னுதான் நிபந்தனை போட்டேன், நீங்க வரணும்னு போடல. என் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டு மத்தியானமே அனுப்பியாச்சு.