‘ஆ’ பிரிவு எப்படித் தேறியது

— இன்னொரு தடவை பாருங்க அக்கா. எங்கேயோ இடிக்குது.

— பாத்தாச்சு. என் ‘அ’ பிரிவும் தேறியிருக்கு, உன் ‘ஆ’ பிரிவும் அதே அளவுக்குத் தேறியிருக்கு. வாசிப்பு, கணக்கு, ரெண்டுலயும்.

— அது எப்படி... புது முறை உங்க வகுப்புக்கு மட்டும்தானே?

— அதான் எனக்கும் தலை சுத்துது. ஒரு வகுப்புக்குப் புதுசு, ஒரு வகுப்புக்குப் பழசு, கடைசியில எது மேல்னு பாக்கணும். ஆராய்ச்சிக்காரம்மா திட்டமே அதுதான். நாளைக்கு வந்து கேட்டா என்ன சொல்றது?

— புது முறையில ஒண்ணும் இல்லைன்னு எழுதிடுவாங்களோ?

— எழுதினா அடுத்த வருஷம் எந்த வகுப்புக்கும் கிடையாது. மூட்டை கட்ட வேண்டியதுதான்.

— ஐயோ... அது நல்ல முறையாச்சே.

— உனக்கெப்படித் தெரியும்? நீதான் அதைத் தொடவே இல்லையே.

— தொடல... கேள்விப்பட்டேன். ஜோடி ஜோடியா உக்காந்து, ஒருத்தர் படிக்க ஒருத்தர் திருத்தி...

— ம்.

— கணக்குல சரியான விடை சொன்னாலும் விட்டுடாம, ‘எப்படி வந்துச்சு’ன்னு கேட்டு...

— நல்லாத்தான் கேள்விப்பட்டிருக்கே.

— கிண்டல் பண்ணாதீங்க. ஒருவேளை என் பிள்ளைங்க இயல்பாவே கெட்டியோ என்னமோ...

— யாரு, அந்த ரெட்டைச் சடைக்காரியா? வருஷ ஆரம்பத்துல எழுத்துக்கூட்டவே அழுவா. இப்போ கடகடன்னு படிக்கிறா.

— அவளாலதான் அக்கா எல்லாம்.

— எல்லாம்னா?

— ஒரு நாள் கேட்டா... ‘பக்கத்து வகுப்புல பேசிப் பேசிப் படிக்கிறாங்க டீச்சர், நாங்க மட்டும் என்ன தப்பு பண்ணோம்’னு. ஆராய்ச்சி நடக்குதும்மான்னு சொன்னா அவளுக்குப் புரியுமா? எனக்கே புரியல.

— அதனால...

— கதவைச் சாத்திட்டு நானும் ஆரம்பிச்சேன். நீங்க சொல்றதைச் சுவத்தோரமா நின்னு கேட்டு, மறுநாள் அப்படியே... தெரிஞ்சா தடுத்துடுவீங்கன்னு சொல்லல. உங்க ஒரு வருஷ உழைப்பைக் கெடுத்துட்டேன். நாளைக்கு அந்தம்மாகிட்ட நானே ஒத்துக்கறேன்.

— தனியா போகாதே. ரெண்டு பேருமா போய்ச் சொல்லுவோம்.

— நீங்க எதுக்கு? நீங்க என்ன பண்ணீங்க?

— கண்ணுக்கு முன்னாடி உக்காந்திருக்கிற பிள்ளைங்களுக்கு, தொண்டை கிழிய யாராவது பாடம் நடத்துவாங்களா... உனக்குக் கேக்கட்டும்னுதான்டி கத்தினேன்.