அம்மா காது வைத்த லாரி

எனக்குச் சளி பிடித்தால் பட்டறைப் பக்கமே வரமாட்டேன், தம்பி. காது அடைத்துக்கொள்ளும். அடைத்த காதோடு எஞ்சினைத் தொட்டால் வேலை கெட்டுப்போகும். அன்றைக்கு எனக்குச் சளி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது, வயதானவள், காது மந்தம், கை தவறிவிட்டது என்று எனக்காகப் பரிந்து பேச வந்தால் நீங்கள் நம்ப வேண்டாம்.

உட்கார்ந்தே எழுதுங்கள். நின்றுகொண்டு எழுதினால் முதுகு பிடித்துக்கொள்ளும். நான் நிதானமாகத்தான் சொல்லப் போகிறேன்.

பட்டறை என் கணவருடையது. அவர் போன பிறகு நானும் மகனும் நடத்தினோம். எங்களுக்கென்று பெட்ரோலில் ஓடும் ஒரு பழைய லாரி உண்டு. அந்தக் காலத்து எஞ்சின்களில் டிஸ்டிரிபியூட்டர் என்று ஒன்று இருக்கும். தீப்பொறி எந்த நொடியில் விழ வேண்டும் என்பது அது நிற்கிற நிலையைப் பொறுத்தது. பிடித்திருக்கும் நட்டைத் தளர்த்தினால் கையாலேயே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பலாம். பெரிய இடங்களில் அதற்கென்று விளக்கு வைத்திருக்கிறார்கள். எங்களிடம் கிடையாது. மகன் ஒரு சின்ன பல்பையும் ஒயரையும் மாட்டி, எஞ்சின் முன்னால் சுழலும் கப்பியில் இருக்கும் கோட்டைப் பார்த்து ஓரளவு சரியாக வைத்துவிடுவான். மீதிக்கு என் காது. எஞ்சினை ஓடவிட்டு, மெதுவாகத் திருப்பிக்கொண்டே கேட்பேன். ஓர் இடத்தில் சத்தம் தடங்கல் இல்லாமல் உருண்டு வரும். அங்கிருந்து ஒரு பொட்டு பின்னால் வந்து நட்டை இறுக்கிவிடுவேன். ஏற்றத்துக்குப் போகிற எந்த வண்டியும் நான் காது வைக்காமல் எங்கள் வாசலைத் தாண்டியதில்லை. அதுதான் பட்டறையின் வழக்கம். காதம்மா என்றே பெயராகிவிட்டது.

"காதம்மா, எங்க வீட்டுக்காரி சத்தத்தையும் கொஞ்சம் இறக்கி வச்சுக் குடுங்களேன்" என்பார் பக்கத்து வெல்டர்.

"அவ சரியாத்தான் ஓடுறா. உன்னைத்தான் கழட்டிப் பாக்கணும்" என்பேன்.

இப்படிச் சிரித்துப் பேசிக்கொண்டு நல்லபடியாகத்தான் இருந்தோம்.

எங்கள் ஊரை விட்டு வெளியே போக ஒரே சாலை. அது முழுக்க ஏற்றம். ஏறி முடித்தால் நகரம். என் மருமகள் அங்கிருந்து வந்தவள். நல்ல பெண். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். தையல் நன்றாக வரும். என் ரவிக்கைகள் எல்லாம் அவள் தைத்ததுதான். அவளுடைய அண்ணன் அங்கே ஒரு லாரி கம்பெனியில் மகனுக்கு வேலை பேசி வைத்திருந்தார். இருவரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டது சமையலறைக்குக் கேட்டது. கேட்காமல் இருக்குமா, என் காதுக்கு. பிள்ளைகளின் பிழைப்புக்குப் பெற்றவள் குறுக்கே நிற்கக் கூடாது.

அந்த வேலையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மகன் முதல்முறை கிளம்பியபோது, வழக்கம்போல, "அம்மா, ஒரு தடவை காது வச்சிடு" என்றான். வைத்தேன். நிற்க வேண்டிய இடத்திலிருந்து இன்னும் கொஞ்சம் பின்னால் தள்ளி இறுக்கினேன்.

முன்னால் தள்ளினால் தீப்பொறி முந்தி விழுந்து, எஞ்சின் டக்டக்கென்று கத்திக் காட்டிக்கொடுத்துவிடும். அதோடு உள்ளே உடைந்தும் போகும். வண்டியைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. பின்னால் தள்ளினால் தீப்பொறி பிந்தி விழும், எஞ்சின் வாயே திறக்காது. காற்று அளவுத் திருகைச் சற்றுக் கூட்டிவிட்டால், நிற்கிற வண்டியில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. சமதரையில் ஓடும். ஏற்றத்தில் மட்டும் சோர்ந்து, சூடேறி, ரேடியேட்டர் கொதிக்கும்.

கொதித்தது. திரும்பி வந்தான். நான் சரியாக்கினேன். "உன் கை பட்டாதான் இதுக்குப் புத்தி வருது" என்றான். அடுத்தமுறையும் அப்படியே ஆயிற்று. அதற்கடுத்த முறையும்.

மருமகள் ஒருநாள் சொன்னாள்: "அத்தை, இந்த லாரிக்கு உங்க மேலதான் பாசம். நாங்க மேல போறோம்னு சொன்னாலே அதுக்குக் காய்ச்சல் வந்துடுது."

நானும் சிரித்தேன். சிரிப்பு வருகிற மாதிரிதான் சொன்னாள்.

இதை என் சுயநலம் என்று எழுத வேண்டாம். மேலே போனால் என் மகன் யாரோ ஒருவருக்குக் கைகட்டி நிற்க வேண்டும். இங்கே அவன் முதலாளி. அவன் நன்மையை நினைத்துத்தான் செய்தேன். ஆளுக்கு ஆபத்தில்லாமல் பார்த்துத்தான் செய்தேன்.

மருமகளுக்குப் பிரசவ வலி எடுத்தது அன்றைக்குக் காலையில். நாள் இன்னும் இருந்தது. அடுத்த தெரு நர்ஸ் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "குழந்தை குறுக்க கிடக்கு. இங்க வச்சுப் பாக்க முடியாது. மேல ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோங்க" என்றார். நர்ஸுகள் அப்படித்தான் சொல்வார்கள். என் மகனும் குறுக்கே கிடந்தவன்தான். பிறக்கவில்லையா.

மருத்துவமனை வண்டி வரத் தாமதமாகும் என்றார்கள். மகன் லாரியைக் கிளப்பினான். பின்னால் தார்ப்பாய் போட்டுக் கட்டியிருந்தது. அதன் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். பாத்திர மூட்டை, பாய், அடியில் அவளுடைய தையல் மெஷின். பிரசவத்துக்குப் போகிறவள் தையல் மெஷினைக் கொண்டுபோவாளா, நீங்களே சொல்லுங்கள். அந்த வாரமே குடிபோவதற்காக முந்தின நாளே ஏற்றி வைத்திருக்கிறார்கள். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

"அம்மா, சீக்கிரம், காது வச்சிடு" என்றான் மகன்.

குனிந்து கேட்டேன். அவன் பல்பு வைத்து அருமையாக வைத்திருந்தான். என் வேலையே தேவைப்படவில்லை. அந்தச் சத்தத்தோடு போனால் லாரி ஒரே மூச்சில் மேலே ஏறிவிடும். நட்டைத் தளர்த்தினேன். ஒரு நகத்தளவு பின்னால் திருப்பினேன். இறுக்கினேன்.

மருமகள் ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தை, நீங்களும் வாங்க. எனக்குப் பயமா இருக்கு."

ஏற்றத்தில் எடை கூடும் என்றேன்.

நான் நினைத்தது இவ்வளவுதான். வழக்கமான வளைவில் கொதிக்கும், திரும்பி வருவார்கள், நர்ஸ் வேறு வழியில்லாமல் பார்ப்பார், குழந்தை எங்கள் வீட்டில் பிறக்கும். வெந்நீர் போட்டு வைத்தேன். பழைய புடவைகளைக் கிழித்து மடித்து வைத்தேன். வாசலில் நின்று சத்தத்துக்குக் காத்திருந்தேன்.

அவன் திரும்பவில்லை. வளைவில் கொதித்தபோது, கீழே வந்துகொண்டிருந்த வண்டிக்காரர் ஒருவர் நிறுத்தி, கீழேயாவது கொண்டுபோய் விடுகிறேன் என்றாராம். அவரே வந்து என்னிடம் சொன்னார். மகன் வேண்டாம் என்றிருக்கிறான். "எங்கம்மா காது வச்ச வண்டிங்க. கொஞ்சம் ஆறினா ஏறிடும்" என்றானாம். தண்ணீர் ஊற்றி ஊற்றி ஓட்டியிருக்கிறான். பாதி ஏற்றத்தில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. அங்கேயே அவளும் குழந்தையும் போய்விட்டார்கள். ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தவன் அன்றைக்கு மட்டும் ஏன் பிடிவாதம் பிடித்தான் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

உங்கள் மெக்கானிக் விளக்கு வைத்துப் பார்த்து, தீப்பொறி விழும் டைமிங் பின்னால் இருக்கிறது என்றாராம். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். மருமகளின் அண்ணன், தங்கையைக் கொல்ல என் மகனே வண்டியைக் கெடுத்தான் என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருக்கிறார். மகனும் உங்களிடம், தப்பு தன் கையில்தான் நடந்திருக்க வேண்டும், அம்மா காதில் பிசகு வராது என்று சொல்லியிருக்கிறான். அவன் சொன்னதில் இரண்டாவது பாதிதான் உண்மை. என் காதில் பிசகு வரவில்லை. திருப்பியது நான். தெரிந்துதான் திருப்பினேன்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். போட்டதும் அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். எனக்கு என்ன தண்டனையோ அதை நீங்கள் பார்த்துச் செய்யுங்கள்.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன், தம்பி. இதை அவனுக்குப் படித்துக் காட்ட வேண்டாம். தெரிந்தால் என்னை விட்டுப் போய்விடுவான்.